பதினேழு வயதின் தோளில் ஓர் ஊர்



நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம்முடைய வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் வாலிபர் வரிசை காலியாகிவிடும். ஒருவர் பேண்டில் டிரம்பெட் வாசிக்கப் போயிருப்பார், இன்னொருவர் கொடி பிடிக்க. மற்றவர்கள் சும்மா கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தப் போயிருப்பார்கள். டெக்சாஸில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பாலுக்கு உரியது. அது சாக்கர் அல்ல. தலைக்கவசமும் தோள்கட்டும் போட்டுக்கொண்டு முட்டி மோதி ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, இந்த வாரம் எங்க ஸ்கூல் பிளேஆஃப் ஆடுது. எதிர் டீம் எங்களுக்கு நேர் எதிர். அவங்க சைஸ் வேற, ஸ்பீட் வேற. யார் ஜெயிப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" பக்கத்தில் இருந்த அவன் அப்பா, "முதல்ல கெமிஸ்ட்ரி டெஸ்ட்ல யார் ஜெயிக்கிறாங்கன்னு பார்ப்போம்" என்றார். பந்தியே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் நேரெதிரான இரண்டு அணிகள் மோதிய ஒரு பழைய பிளேஆஃப் ஆட்டம் எனக்குத் தெரியும். இந்த மாநிலத்தில் வேலைக்கு வந்த புதிதில், இங்குள்ளவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அதைப் பற்றிய புத்தகத்தை இரவு டியூட்டி இடைவேளைகளில் வாசித்தேன். இந்த வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போகுமுன் அந்தக் கதையை நீங்களும் தெரிந்துகொண்டால் நல்லது.

1988 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியம். மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளிகளுக்கான 5ஏ பிரிவின் அரையிறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஒடெசா நகரின் பெர்மியன் உயர்நிலைப் பள்ளி. மறு பக்கம் டல்லாஸ் நகரின் டேவிட் டபிள்யூ. கார்ட்டர் உயர்நிலைப் பள்ளி.

உங்களில் பலர் 2004-இல் வந்த 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் இந்த ஆட்டம் இறுதிப் போட்டியாக, ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில், புள்ளிகள் மழையாகப் பொழியும் ஆட்டமாக வரும். அது சினிமா. உண்மையில் அது அரையிறுதி, இடம் ஆஸ்டின், புள்ளிகளும் மிகக் குறைவு. மழை மட்டும் நிஜமாகவே பெய்தது.

எண்ணெய் ஊர்

முதலில் ஒடெசாவைப் பார்ப்போம். டெக்சாஸின் மேற்கில், மரம் அதிகம் இல்லாத வறண்ட சமவெளியில் இருக்கும் ஊர். பூமிக்கு அடியில் எண்ணெய் கிடைத்ததால் வளர்ந்த ஊர். அந்த எண்ணெய்ப் படுகைக்குப் பெயர் பெர்மியன் பேசின். 1959-இல் தொடங்கிய பள்ளிக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

எண்ணெய் விலை ஏறினால் ஊரே ஏறும், விழுந்தால் ஊரே விழும். 1980களின் தொடக்கத்தில் பணம் ஆறாக ஓடியது. பிறகு எல்லாம் கவிழ்ந்தது. பக்கத்து ஊரான மிட்லாண்டின் பெரிய வங்கி 1983-இலேயே மூடப்பட்டது. 1985 இறுதியில் ஒரு பீப்பாய் 30 டாலர் அளவில் இருந்த எண்ணெய், 1986 நடுவில் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. வேலை போனது, வீடுகள் போயின, துளையிடும் இயந்திரங்கள் துருப்பிடித்து நின்றன.

ஊரில் விழாமல் நின்றது ஒன்றுதான்: பெர்மியன் ஃபுட்பால் அணி. 1965, 1972, 1980 ஆண்டுகளில் மாநிலப் பட்டம். 1984-இல் இறுதியாட்டம் சமனில் முடிந்ததால் பட்டம் பகிரப்பட்டது. கறுப்பு வெள்ளைச் சீருடை. 'மோஜோ' என்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுப்பும் கோஷம். 1982-இல் 56 லட்சம் டாலர் செலவில் கட்டிய ரேட்லிஃப் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 19,000 பேர் உட்காரலாம். ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு! டிக்கெட்டுக்காக இரவெல்லாம் வரிசையில் படுத்துக் கிடப்பார்கள்.

பெர்மியன் பையன்கள் உடல்வாகில் பெரியவர்கள் அல்லர். ஆனால் ஒரே அசைவை நூறு முறை செய்து பழகியவர்கள். யார் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் எலும்பில் ஏறியிருந்தது. சிறுவயது முதலே அந்தச் சீருடையைக் கனவு கண்டு வளர்ந்தவர்கள். அவர்களுடைய பயிற்சியாளர் கேரி கெயின்ஸ், அதிகம் சத்தம் போடாத மனிதர்.

இந்தப் பளபளப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஒடெசாவை ரயில் பாதை இரண்டாகப் பிரித்தது. பாதைக்குத் தெற்கே கறுப்பினத்தாரும் மெக்சிகோ வம்சத்தாரும். அவர்கள் படித்த எக்டர் உயர்நிலைப் பள்ளி 1982-இல், நீதிமன்றம் இனக்கலப்புக்கு உத்தரவிட்டபோதுதான் மூடப்பட்டு, மாணவர்கள் மற்றப் பள்ளிகளுக்குப் போனார்கள். தனிப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-இல். ஒடெசாவுக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேர 28 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நகரத்துப் பள்ளி

இப்போது கார்ட்டர். டல்லாஸ் நகரின் தெற்கே டிரினிட்டி ஆற்றுக்கு அப்பால் ஓக் கிளிஃப் என்ற பகுதி. ஒரு காலத்தில் தனி ஊராக இருந்து 1903-இல் டல்லாஸோடு சேர்க்கப்பட்டது. 1960களில் கார்ட்டர் பள்ளி தொடங்கியபோது அந்தப் பகுதியில் வெள்ளையர்களே அதிகம். பள்ளிகளில் இனக்கலப்பு வந்ததும் அவர்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளைக் கறுப்பினக் குடும்பங்கள் வாங்கின. 1988-இல் பள்ளி கிட்டத்தட்ட முழுவதும் கறுப்பின மாணவர்களுடையதாகியிருந்தது.

கறுப்பினத்தார் வாழும் இடம் என்றவுடன் வறுமையையே கற்பனை செய்துகொள்வது பலருக்கு வழக்கம். கார்ட்டர் பகுதி அப்படி இல்லை. ஒழுங்காக வேலைக்குப் போய், வீட்டுக் கடன் கட்டி, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும் நடுத்தரக் குடும்பங்கள் நிறைந்த இடம்.

அந்த அணியின் வேகம் பார்ப்பவர்களைத் திகைக்க வைத்தது. பயிற்சியாளர் ஃப்ரெடி ஜேம்ஸ். அவருடைய பையன்களில் பலருக்குப் பெரிய கல்லூரிகள் போட்டி போட்டு அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த வரிசையில் நின்ற ஜெஸ்ஸி ஆர்ம்ஸ்டெட் பிற்காலத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு ஆடி, தேசிய அளவில் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுலுக்கு 5 முறை தேர்வானார். அப்படிப்பட்டவர்கள் நிறைந்த பள்ளி அணியை நினைத்துப் பாருங்கள்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒரு பத்திரிகைக்காரர் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார்: வேகத்திலும் உடல் வலிமையிலும் கார்ட்டர் மேல். கட்டுப்பாட்டிலும் அனுபவத்திலும் பெர்மியன் மேல். மைதானம் காய்ந்திருந்தால் கார்ட்டர். மழை பெய்தால் பெர்மியனுக்கும் வாய்ப்பு உண்டு. ஒடெசாவிலிருந்து ஏறத்தாழ 330 மைல், டல்லாஸிலிருந்து ஏறத்தாழ 200 மைல் கடந்து இரு கூட்டமும் ஆஸ்டினுக்கு வரும்.

ஆனால் இந்த இரண்டு அணிகளும் அங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால்தான் மீதிக் கதை புரியும்.

ஒரு முழங்காலும் ஒரு நாணயமும்

அந்த ஆண்டு பெர்மியனின் நம்பிக்கை நட்சத்திரம் பூபி மைல்ஸ் என்ற ஓட்டக்காரர். பந்தைக் கையில் ஏந்தினால் எதிராளிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். பெயர்பெற்ற கல்லூரிகளிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பருவம் தொடங்குமுன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவருடைய கால் செயற்கைப் புல்லில் சிக்கியது, முழங்கால் திருகிக்கொண்டது.

நான் ஒரு நர்ஸ். இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் நார் ஒன்று அறுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீக்கம் சில நாளில் வற்றிவிடும். நடக்கவும் முடியும். ஆனால் ஓடுகிற வேகத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போது மூட்டு கைவிட்டுவிடும். இன்றைக்கு அந்த நாரைப் புதிதாகப் பொருத்தி, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பெரும்பாலும் 9 மாதம் ஆன பிறகே ஆட அனுமதிக்கிறார்கள். மைல்ஸ் அறுவைச் சிகிச்சைக்குப் பின் முழங்காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டு அதே பருவத்தில் திரும்பினார். பழைய ஆட்டம் திரும்பவில்லை. அவர் இடத்தில் வேறொரு மாணவர் நன்றாக ஆடத் தொடங்கினார். நேற்று வரை அவர் பெயரைக் கூவிய ஊர் இன்று புதியவர் பெயரைக் கூவியது. மனம் உடைந்து, பருவத்தின் நடுவிலேயே அவர் அணியை விட்டு விலகினார்.

இந்தக் கதையை எழுதியவர் பிலடெல்பியாவிலிருந்து வந்த எச். ஜி. பிசிங்கர் என்ற பத்திரிகையாளர். குடும்பத்தோடு ஒடெசாவுக்குக் குடிபெயர்ந்து, ஒரு பருவம் முழுவதும் அணியோடு இருந்து பார்த்தார். அவர் தரும் கணக்கு ஒன்றை நான் மறக்கவில்லை. அந்தப் பருவத்தில் வெளியூர் ஆட்டங்களுக்குத் தனி விமானம் அமர்த்தியதற்கு 70,000 டாலர். ஆண்கள் விளையாட்டுக்கான மருந்து, கட்டுத்துணி போன்றவற்றுக்கு 6,750 டாலர். பள்ளியின் ஆங்கிலத் துறைக்குப் பாடக் கருவிகள் வாங்க ஒதுக்கியது 5,040 டாலர். பிள்ளைகளின் காயத்துக்குக் கட்டுப் போட ஆன செலவு, அவர்கள் வாசிக்கவும் எழுதவும் கற்பதற்கு ஆன செலவைவிட அதிகம்.

பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பெர்மியன், மிட்லாண்ட் லீ பள்ளியிடம் 22-21 என்று ஒரே புள்ளியில் தோற்றது. அன்றிரவு பயிற்சியாளர் கெயின்ஸ் வீடு திரும்பியபோது, அவர் வீட்டு முற்றத்தில் 'விற்பனைக்கு' என்ற பலகைகள் நடப்பட்டிருந்தன. ஊரை விட்டுப் போ என்று சொல்ல ஊரார் கண்டுபிடித்த வழி.

மூன்று பள்ளிகள் சமநிலையில் முடிந்தன. பிளேஆஃபுக்கு இரண்டு பள்ளிகளே போகலாம். லாரி ஓட்டுநர்கள் தங்கும் ஒரு விடுதியில், நள்ளிரவுக்குப் பிறகு, மூன்று பயிற்சியாளர்களும் ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்டினார்கள். தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டியது. பெர்மியனும் மிட்லாண்ட் லீயும் உள்ளே வந்தன. மிட்லாண்ட் ஹை வெளியே போனது. பல ஆண்டு உழைப்பு ஒரு நாணயத்தின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் தீர்ந்தது.

ஒரு மதிப்பெண்

கார்ட்டரின் கதை இதைவிடச் சிக்கலானது.

1984-இல் டெக்சாஸ் ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழு பரிந்துரைத்தது. ஆளுநர் மார்க் ஒயிட் அதை நிறைவேற்றினார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் மதிப்பீட்டில் எந்தப் பாடத்திலாவது 70-க்குக் கீழே போனால், அடுத்த ஆறு வாரம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது. 'நோ பாஸ், நோ பிளே' என்று அதற்குப் பெயர். பிறகு தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது. ஆனால் சட்டம் இன்றும் இருக்கிறது. பேண்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டத்தால் ஃபுட்பால் பயிற்சியாளர்களின் கோபத்தைச் சம்பாதித்த ஒயிட் 1986 தேர்தலில் தோற்றார்.

1988 இலையுதிர் காலத்தில் கார்ட்டரின் முக்கிய ஆட்டக்காரர் ஒருவருக்கு அல்ஜீப்ரா பாடத்தில் சிக்கல் வந்தது. வகுப்பு ஆசிரியர் கணக்குப்படி அவர் தேறவில்லை. பள்ளி நிர்வாகத்தின் கணக்குப்படி தேறிவிட்டார். எந்தத் தேர்வை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு. புகார் மாநிலக் கல்வித் துறைக்குப் போனது. தகுதியில்லாதவர் ஆடினால் அணி முழுவதும் வெளியேற வேண்டும். கார்ட்டரை வெளியேற்றுவதாக ஒரு தீர்ப்பு. ஆடலாம் என்று ஆஸ்டின் நீதிமன்றத்தில் தடையுத்தரவு. ஆடுவோமா மாட்டோமா என்று தெரியாமலே அந்தப் பையன்கள் வாரா வாரம் பிளேஆஃப் ஆடினார்கள், ஜெயித்தார்கள்.

ஓக் கிளிஃப் மக்கள் இதை வேறு கண்ணால் பார்த்தார்கள். எத்தனையோ வெள்ளையர் பள்ளிகளில் ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகள் ஜெயிக்கும்போது மட்டும் ஏன் பூதக்கண்ணாடி? அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. டல்லாஸ் பள்ளிகளின் இனப் பாகுபாட்டு வழக்கு 1970 முதல் நீதிமன்றத்தில் கிடந்த காலம் அது. ஆனால் ஒரு கேள்வியில் நியாயம் இருப்பதால் இன்னொரு கேள்வி மறைந்துவிடாது: அந்தப் பிள்ளைக்கு அல்ஜீப்ரா தெரியுமா? இத்தனை வழக்கறிஞர்கள், அதிகாரிகள், பெற்றோர்கள் மத்தியில் அதைக் கவலையோடு கேட்டவர் எத்தனை பேர்? தேறவில்லை என்று எழுதிய அந்த ஆசிரியர் பிற்பாடு வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார்.

48 நிமிடம்

பள்ளி ஃபுட்பாலில் 12 நிமிடம் வீதம் 4 பகுதி, மொத்தம் 48 நிமிடம். அந்தச் சனிக்கிழமை மழையில் நனைந்த மைதானத்தில் கார்ட்டரின் வேகம் குறைந்தது. பெர்மியனின் கட்டுப்பாடு நின்று பிடித்தது. எல்லாரும் எதிர்பார்த்ததைவிட நெருக்கமான ஆட்டம். கடைசி நிமிடம் வரை ஒரே ஒரு டச்டவுன் முடிவை மாற்றிவிடும் நிலை.

அது வரவில்லை. கார்ட்டர் 14, பெர்மியன் 9.

பெர்மியன் பையன்கள் சேற்றோடு உட்கார்ந்து அழுதார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே வாழ்க்கையின் கடைசி ஆட்டம். கார்ட்டர் அடுத்து இறுதியாட்டத்தில் கன்வெர்ஸ் ஜட்சன் பள்ளியை 31-14 என்று வென்று மாநிலச் சாம்பியன் ஆனது. ஓக் கிளிஃப் கொண்டாடியது.

இங்கே படம் முடியும். வரலாறு முடியவில்லை.

சில மாதங்களுக்குள், 1989-இல், டல்லாஸில் நடந்த தொடர் ஆயுதக் கொள்ளைகளுக்காக ஒரு வாலிபர் கூட்டத்தைக் காவல்துறை பிடித்தது. அவர்களில் கார்ட்டர் அணியைச் சேர்ந்தவர்கள் 6 பேர். பசியால் செய்தவர்கள் அல்லர். நல்ல வீட்டுப் பிள்ளைகள். சிலருக்குக் கல்லூரி உதவித்தொகை கையில் இருந்தது. எதுவும் தங்களைத் தொடாது என்று நம்பிவிட்டார்கள். நீதிபதி நீண்ட சிறைத்தண்டனைகள் விதித்தார்; ஒருவருக்கு 20 ஆண்டு. கல்வித் துறையின் வழக்கும் ஒருவழியாக முடிந்து, சாம்பியன் பட்டம் கார்ட்டரிடமிருந்து பறிக்கப்பட்டு ஜட்சனுக்குக் கொடுக்கப்பட்டது.

ஒடெசாவில்? முற்றத்தில் பலகை நட்ட அதே ஊருக்கு, கெயின்ஸ் மறு ஆண்டே, 1989-இல், ஒரு ஆட்டமும் தோற்காமல் மாநிலப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். உடனே கல்லூரி வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனார். 1990-இல் பிசிங்கரின் புத்தகம் வெளிவந்தபோது, ஊரார் தங்களைக் கண்ணாடியில் பார்க்க விரும்பவில்லை. மிரட்டல்கள் வந்ததால் அவர் ஒடெசாவுக்கு வந்து கையெழுத்திடும் நிகழ்ச்சியே ரத்தானது.

2017-இல் கார்ட்டர் அணியைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. தண்டனை முடித்து வெளியே வந்தவர்கள் நடுவயது மனிதர்களாக அதில் பேசுகிறார்கள். கார்ட்டர் என்றால் அந்தக் கொள்ளை மட்டும்தான் என்று உலகம் நினைப்பது, ஒரு தவறும் செய்யாமல் அதே சீருடையைப் போட்டிருந்த மற்றவர்களுக்கு எத்தனை பாரம் என்பதும் அதில் தெரியும்.

நமக்கு என்ன?

இரண்டு அணிகளும் நேரெதிர் என்று தொடங்கினேன். ஒன்று எண்ணெய் ஊர், ஒன்று பெருநகரம். ஒன்றில் வெள்ளையர் அதிகம், ஒன்று கறுப்பினத்தாருடையது. ஒன்றுக்குக் கட்டுப்பாடு, ஒன்றுக்கு வேகம். ஆனால் அந்த மழையில் நின்ற இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று பொது. பெரியவர்கள் தங்களால் சுமக்க முடியாததை அவர்கள் தோளில் ஏற்றியிருந்தார்கள். ஒடெசா தன் இழந்த பெருமையை ஏற்றியது. ஓக் கிளிஃப் தனக்கு மறுக்கப்பட்ட மரியாதையை ஏற்றியது. ஒரு பிள்ளையின் முழங்கால் உடைந்தபோது ஒரு ஊர் அவரை மறந்தது. சில பிள்ளைகளின் மனச்சாட்சி மழுங்கியபோது இன்னொரு ஊர் கவனிக்கவில்லை. ஏலி ஆசாரியன் தன் குமாரர் செய்ததை அறிந்தும் அடக்காமல் விட்ட கதை சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் இருக்கிறது. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லாத பிள்ளை பரிதாபத்துக்குரியவன். தோற்றால் வேண்டாதவனாகிவிடும் பிள்ளையும் அப்படியே.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஃபுட்பால் விக்கிரகம் இல்லை என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். நமக்கு மதிப்பெண் இருக்கிறது. கார்ட்டரில் 70-ஐத் தொட்டால் போதும் என்று எண்ணை வளைத்தார்கள். நம் வீட்டில் 97 வந்தால் மீதி 3 எங்கே என்று கேட்கிறோம். இரண்டிலும் பிள்ளையைவிட எண்தான் பெரிதாகத் தெரிகிறது. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குச் சொல்ல, சபையில் சாட்சி சொல்ல, நாம் கடல் கடந்து வந்தது வீண்போகவில்லை என்று நமக்கு நாமே காட்டிக்கொள்ள, அந்த எண் நமக்குத் தேவைப்படுகிறது. அதைச் சுமப்பது யார்? இரவு ஒரு மணிக்கு விளக்கெரிகிற அறையில் உட்கார்ந்திருக்கும் 17 வயதுப் பிள்ளை. மன அழுத்தத்தோடு அவசரப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் நம் நிறத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் எழுத மாட்டேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று. ஆடுங்கள், வாசியுங்கள், தொண்டை வறளக் கத்துங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. பவுலே ஓட்டப்பந்தயத்தையும் மல்யுத்தத்தையும் உவமையாக எடுத்தவர். கொரிந்து பட்டணத்தாருக்கு எழுதும்போது, வாடிப்போகும் கிரீடத்துக்காக அவர்கள் அவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறார்களே என்று வியக்கிறார். அழியாத கிரீடம் ஒன்று இருக்கிறது என்று நினைவூட்டுகிறார். கார்ட்டரின் பட்டம் சில ஆண்டில் பறிபோனது. பெர்மியனின் கண்ணீர் மறு ஆண்டே மறந்துபோனது. அந்த 48 நிமிடத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு வாழ்க்கை மீதி இருந்தது. அதற்கு அவர்களை ஆயத்தப்படுத்தியவர்கள் குறைவு.

நர்ஸ் அக்காவாக இன்னொன்று. தலையில் அடிபட்டு, கண் மங்கினாலோ, குமட்டினாலோ, தலை சுற்றினாலோ, யார் என்ன சொன்னாலும் வெளியே வந்துவிடுங்கள். 2011-இல் டெக்சாஸ் இதற்கென்று சட்டமே போட்டது. மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்று திரும்ப ஆடக்கூடாது. மருத்துவர் எழுத்தில் அனுமதி தந்த பிறகுதான் ஆடலாம். "ஒண்ணுமில்லை கோச்" என்று மறைப்பது வீரம் அல்ல. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று ஞாயிறு பள்ளியில் படித்தீர்களே, முழங்காலும் மூளையும் அதில் சேர்ந்தவைதான்.

பந்தியில் என்னிடம் கேட்ட தம்பிக்கு: யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதப்பா. இந்த வெள்ளிக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. ஜெபக்கூட்டத்தை ஐயாவிடம் சொல்லி ஒரு மணி நேரம் முன்னதாக வைக்கக் கேட்டிருக்கிறேன். உன் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கெமிஸ்ட்ரி பற்றி அன்றைக்கு மட்டும் பேச மாட்டாராம். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் வேலிப் பக்கம் வா. நாங்கள் அங்கேயே நிற்போம்.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளின் சரீரத்தையும் ஆத்துமாவையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.